அம்மாவுக்கு 74 வயது: சர்க்கரை குறைந்துவிட்டது, உடம்பும் தளர்ந்துவிட்டது

ஜெலுத்தோங் மகள் கேட்கிறார்:

வணக்கம். முதியவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வோரும் மருத்துவத் துறையில் பணியாற்றியோரும் இங்கே பலர் இருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மா பினாங்கு ஜெலுத்தோங்கில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் என் தம்பியுடன் இருக்கிறார். தம்பிக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. நான் கோலாலம்பூரில் இருக்கிறேன். ஆகவே பகலில் பெரும்பாலும் அம்மா தனியாகத்தான் இருப்பார், சமையலையும் தாமே செய்துகொள்வார். இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் அவருக்கு நெடுநாளாக உண்டு. அரசாங்கக் கிளினிக்கில் இனிப்பு நீருக்கு மெட்ஃபோர்மின், கிளிக்லசைட், கொதிப்புக்கு அம்லோடிபின், பெரிண்டோபிரில், கொழுப்புக்கு ஒரு மாத்திரை எனக் கொடுத்து வந்தார்கள். அண்மையில் கணுக்கால் வீங்குகிறது என்று சொன்னதால் நீர் மாத்திரை ஒன்றும் சேர்ந்திருக்கிறது.

சென்ற ஆண்டு எச்பிஏ1சி (ஏறக்குறைய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) அளவு 8.4 விழுக்காடு என்று வந்தபோது, கட்டுப்பாடு போதவில்லை என்று கிளிக்லசைட்டின் அளவைக் கூட்டினார்கள். நாங்களும் எங்கள் பங்குக்குச் சோற்றை ஒரு சிறு கிண்ணமாகக் குறைத்தோம். காலையில் பசியாற இரண்டு உப்புப் பிஸ்கட்டும் சீனி போடாத தேநீரும் என்று ஆக்கினோம். தம்பி, வீட்டில் இருந்தால் கை நீளும் என்று சொல்லி, சீனிப் புட்டியையும் பால் டின்களையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டான். அண்மைப் பரிசோதனையில் அளவு 6.5. கிளினிக்கில் பாராட்டினார்களாம். ஆனால் 57 கிலோவாக இருந்தவர் இப்போது 50 கிலோ. நாற்காலியிலிருந்து எழ இரண்டு கைகளையும் ஊன்றுகிறார். மாடிப்படி இறங்கிக் கோயிலுக்குப் போவதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டார். வீட்டில் ஊசி குத்திப் பார்க்கும் அளவோ (மில்லிமோல்/லிட்டர் கணக்கில்) ஒரு வாரம் 12, 13 என்று ஏறுகிறது; வேறொரு வாரம் 5க்கும் கீழே இருக்கிறது.

சென்ற மாதம் விடியற்காலையில் கழிவறைக்குப் போகும்போது கதவோரத்தில் விழுந்துவிட்டார். தம்பி இரவு வேலை முடிந்து வந்து பார்த்தபோது தரையில் உட்கார்ந்திருந்தாராம். பெயர் சொல்லி அழைத்தும் சற்று நேரம் கழித்தே பதில் வந்ததாம், அதுவும் குழறலாக. சுடச்சுட மைலோ கலக்கிக் கொடுத்ததும் தெளிந்துவிட்டார். எலும்பு முறிவு இல்லை. முழங்கையில் காயம் மட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அம்மா வெள்ளிக்கிழமையும் சஷ்டியும் விரதம் இருப்பார்; மாலை விளக்கேற்றும்வரை பாலும் தண்ணீரும்தான். "விரத நாளில்கூட மாத்திரையை விட்டதில்லை" என்று பெருமையாகச் சொல்வார்.

மீதமிருக்கும் சோற்றையும் நிறுத்திவிட்டு ஓட்ஸுக்கு மாற்றலாமா? தினமும் யாரையாவது துணைக்கு வைத்து இளைஞர் பூங்காவில் நடக்கச் செய்தால் கால் வலுவடையுமா? அல்லது இதெல்லாம் வயதின் இயல்பு என்று ஏற்றுக்கொள்ள வேண்டியதுதானா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற தாதி, பட்டர்வொர்த்:

மகளே, சோற்றைப் பற்றிய பேச்சைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் அந்த விழுகையைப் பார்ப்போம். எலும்பு முறியவில்லை என்பதால் அது சிறிய நிகழ்வாகிவிடாது. ஒருமுறை விழுந்த முதியவர் மறுபடியும் விழுவதற்கான வாய்ப்பு அதிகம் என்பது வார்டில் வேலை பார்த்த எல்லாருக்கும் தெரியும். விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் நடப்பதைக் குறைப்பார்கள், நடை குறையக் குறையக் கால் தசை கரையும், தசை கரைந்தால் அடுத்த முறை விழுவது எளிதாகிவிடும். நம் நாட்டில் 2018ஆம் ஆண்டு முதியோர் நலனுக்கென்றே நடத்திய தேசியச் சுகாதார ஆய்வில், 60 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய 14 விழுக்காட்டினர் முந்தைய ஓராண்டில் விழுந்திருந்தார்கள். கிளினிக்கில் யாராவது கேட்டால்தான் இவர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

உங்கள் அம்மா விழுந்த நேரத்தையும் இடத்தையும் கவனியுங்கள். விடியற்காலை, படுக்கையிலிருந்து எழுந்தவுடன், கழிவறைக் கதவோரம். கொதிப்புக்கு இரண்டு மாத்திரை, அதன்மேல் நீர் மாத்திரை, ஏழு கிலோ எடைக் குறைவு: இவை சேர்ந்தால், படுத்திருந்தவர் எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கக்கூடும். இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஓர் அளவு எடுங்கள். பிறகு எழுந்து நிற்கச்செய்து ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் மீண்டும் எடுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அந்தத் தாளை அப்படியே மருத்துவரிடம் காட்டுங்கள். அளவெடுக்கும்போது ஒருவர் அவரைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். கிளினிக்கில் உட்காரவைத்து மட்டும் எடுக்கும் அளவில் இந்த இறக்கம் தெரியவே தெரியாது.

நீர் மாத்திரையை எப்போது போடுகிறார் என்று கேளுங்கள். மாலையிலோ இரவிலோ போட்டால் இரவெல்லாம் கழிவறைக்கு நடக்க வேண்டியதுதான். அது தேவையா என்பதையும் மருத்துவர் மறுபடி பார்க்கட்டும்; கணுக்கால் வீக்கம் அம்லோடிபினாலேயே வரலாம், அப்படி வந்த வீக்கத்துக்கு நீர் மாத்திரையால் பெரிய பயன் இருக்காது. ஒரு மருந்தின் பக்கவிளைவுக்கு இன்னொரு மருந்து, அதன் விளைவுக்கு மூன்றாவது என்று பட்டியல் நீளுவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கால். மெட்ஃபோர்மினைப் பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கு பி12 சத்துக் குறைவதுண்டு; இனிப்பு நீரும் சேர்ந்து பாத நரம்பைக் கெடுத்தால் தரை எங்கே இருக்கிறது என்பதே காலுக்குச் சரியாகத் தெரியாது. செருப்பு கழன்றுபோவதுகூடத் தெரியாமல் நடக்கிறாரா என்று பாருங்கள். இரத்தப் பரிசோதனையில் பி12ஐயும் சேர்க்கச் சொல்லுங்கள். கண்புரை பார்த்தீர்களா என்றும் கேட்க வேண்டும்.

நடைப்பயிற்சி நல்லதுதான்; ஆனால் அது மட்டும் போதாது. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கான பயிற்சியும் இரண்டு நாளாவது தசையை வலுவாக்கும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. இதற்குப் பூங்காவுக்குப் போக வேண்டியதில்லை. கைப்பிடி உள்ள, சுவரோரம் நகராமல் வைத்த நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது. அடுப்படிச் சிங்கைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது, பிறகு ஒற்றைக் காலில் சில நொடி நிற்பது. தலைசுற்றலுக்கான காரணம் தெளிவான பிறகே இதைத் தொடங்க வேண்டும், தொடக்கத்தில் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். முடிந்தால் பிசியோதெரப்பிக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.

வீட்டையும் சொல்லிவிடுகிறேன். பழைய அடுக்குமாடிகளில் குளியலறைத் தண்ணீர் வெளியே வராமலிருக்க வாசலில் ஒரு சிறு மேடு கட்டியிருப்பார்கள். இருட்டில் கால் தட்டுவது அங்கேதான். அதன் விளிம்பில் மஞ்சள் ஒட்டுநாடா ஒட்டுங்கள், படுக்கையிலிருந்து கழிவறைவரை இரவு விளக்கு போடுங்கள், சுவரில் துளையிட்டுப் பொருத்தும் கைப்பிடி வையுங்கள். உறிஞ்சிப் பிடிக்கும் பிளாஸ்டிக் கைப்பிடி வேண்டாம். பாரம் தாங்காமல் கையோடு வந்துவிடும். துண்டு போடும் கம்பியும் கைப்பிடி ஆகாது.

செந்தூல்வாசி:

சகோதரி, மேலே தாதியம்மா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இரக்கப்பட்டுக் கட்டுப்பாட்டைத் தளர்த்துவது ஆபத்து என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். எனக்கு வயது 71. இரவுச் சோற்றை விட்டுவிட்டேன், மாமாக் கடைப் பக்கம் போவதில்லை, தினமும் தித்திவங்சா ஏரியைச் சுற்றி நடக்கிறேன், பத்துமலை 272 படிகளையும் நிற்காமல் ஏறுகிறேன். மருத்துவரே மாத்திரையைக் குறைத்திருக்கிறார். 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே மட்டும் பார்த்தால் 31.4 விழுக்காடு. டயாலிசிஸ் நிலையங்களில் போய்ப் பாருங்கள், எத்தனை நம்மவர்கள் படுத்திருக்கிறார்கள் என்று. "வயதானவர்தானே, ஆசைக்குச் சாப்பிடட்டும்" என்று விட்ட குடும்பங்களை நான் அறிவேன். 6.5 என்ற அளவை உங்கள் அம்மா பாடுபட்டுப் பெற்றிருக்கிறார். அதை விட்டுவிடாதீர்கள்.

மருந்தாளர், பிரிக்ஃபீல்ட்ஸ்:

செந்தூல் ஐயாவின் கட்டுப்பாட்டை மதிக்கிறேன். அவர் உடல்வாகுக்கு அது பொருந்துகிறது, மகிழ்ச்சி. பத்துமலைப் படிகளை நிற்காமல் ஏறும் 71 வயதுக்காரருக்கும், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாத 74 வயதுக்காரருக்கும் ஒரே இலக்கை வைக்க முடியாது என்பதுதான் என் கருத்து. அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டி, மற்றபடி நலமாக இருக்கும் முதியவருக்கு எச்பிஏ1சி 7.0 முதல் 7.5க்குக் கீழ் இருந்தால் போதும் என்றும், பல நோய்களும் அன்றாட வேலைகளில் சிரமமும் உள்ளவருக்கு 8.0க்குக் கீழ் இருக்கலாம் என்றும் சொல்கிறது. அதிகச் சர்க்கரை சிறுநீரகத்தைக் கெடுக்கப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். தாழ்ந்த சர்க்கரை ஒரே விடியற்காலையில் இடுப்பு எலும்பை முறித்துவிடும். இந்த வயதில் இரண்டையும் தராசில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

சகோதரி எழுதியதில் எனக்கு மிகவும் உறுத்தியது அந்த மைலோ. பெயர் சொன்னால் தாமதமாகப் பதில், குழறல், இனிப்பாக ஒன்று குடித்ததும் தெளிவு. அந்த நேரத்தில் ஊசி குத்திப் பார்க்காததால் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் தாழ்சர்க்கரை என்றே நான் முதலில் ஐயப்படுவேன். கிளிக்லசைட் கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்யும் மருந்து; வயிற்றில் உணவு இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. அளவைக் கூட்டினார்கள், அதே சமயம் நீங்கள் உணவைக் குறைத்தீர்கள், எடையும் குறைந்தது. இதில் விரத நாளும் வந்தால் அன்று மாத்திரை மட்டும் வேலை செய்கிறது, அதற்கு ஈடான உணவு உள்ளே போகவில்லை. சிறுநீரகம் சற்றுத் தளர்ந்திருந்தால் மருந்து உடலில் இன்னும் நீண்ட நேரம் தங்கலாம். இளையவர்களுக்கு வியர்வையும் நடுக்கமும் முன்னெச்சரிக்கையாக வரும். முதியவர்கள் பலருக்கு அவை வராமல் நேரடியாகத் தடுமாற்றமும் குழப்பமும் வரும், பார்ப்பவர்கள் பக்கவாதம் என்றோ வயது மறதி என்றோ நினைத்துவிடுவார்கள்.

எனவே சீனிப் புட்டியை இன்றே வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவரச் சொல்லுங்கள். இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. கிளிக்லசைட் எடுக்கும் ஒருவர் இருக்கும் வீட்டில் சீனி இல்லாமல் இருக்கக் கூடாது. அளவு 4.0க்குக் கீழ் இருந்தால், விழுங்கும் நிலையில் அவர் இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் ஏறவில்லை என்றால் மறுபடி கொடுங்கள். ஏறியதும் பிஸ்கட்டோ சோறோ சாப்பிட வையுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 999ஐ அழையுங்கள். குழறல் தெளியாவிட்டாலும், வாய் கோணினாலும், ஒரு பக்கக் கை கால் வலுவிழந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி விரதம். விரதம் இருக்காதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் கிளினிக்கில் மறைப்பார்கள், அவ்வளவுதான். ரமலான் மாதத்தில் நோன்பாளிகளுக்கு மாத்திரையின் நேரத்தையும் அளவையும் மாற்றித் தருவது நம் நாட்டுக் கிளினிக்குகளுக்கு நன்றாகப் பழகிய வேலை. நம்மவர்களின் வெள்ளிக்கிழமையும் சஷ்டியும் தைப்பூச விரதமும் அவர்களுடைய நாள்காட்டியில் இல்லை. நாம் சொன்னால்தான் தெரியும். "இன்ன நாளில் மாலைவரை சாப்பிடமாட்டேன், அன்று எந்த மாத்திரையை எப்படி எடுப்பது?" என்று கேட்டால், அதற்கும் எழுதித் தருவார்கள். அரசாங்க மருந்தகங்களில் நீரிழிவுக்கென மருந்தாளருடன் தனியாக அமர்ந்து பேசும் ஆலோசனை நேரம் உண்டு. அதற்கு அம்மாவைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். ஆனால் அடுத்த தவணை நாள் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்த வாரமே போய், விழுந்ததைச் சொல்லுங்கள்.

போகும்போது மருந்துப் பட்டியலை அல்ல, பையைக் கொண்டுபோங்கள். வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும், தைலம், சத்து மாத்திரை, உறவினர் கொடுத்தது, பழைய புட்டி உட்பட. 12 ஒரு வாரம், 5 ஒரு வாரம் என்ற ஏற்ற இறக்கத்தை உணவு மட்டுமே விளக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. மூட்டு வலிக்கு அவர் எதையாவது தனியாக வாங்கிச் சாப்பிடுகிறாரா? பொன்ஸ்டான், வோல்டாரன் போன்ற வலி மாத்திரைகளை, பெரிண்டோபிரிலும் நீர் மாத்திரையும் எடுக்கும் முதியவர் தொடர்ந்து எடுத்தால் சிறுநீரகத்துக்கு நேரடிக் கேடு. வேறு ஏதாவது என்றால் புட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கும் அரசாங்கப் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பிறை மருமகள்:

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் அல்ல, மாமியாரைப் பார்த்துக்கொள்கிறேன். அக்கா, உங்கள் கேள்வியில் அம்மா என்ன சாப்பிடக் கூடாது என்பது நிறைய இருக்கிறது. என்ன சாப்பிடுகிறார் என்பதில் பிஸ்கட்டும் சிறு கிண்ணச் சோறும் தவிர எதுவுமே இல்லை.

என் மாமியார் மெலிந்தபோது மருத்துவமனை உணவு ஆலோசகர் சொன்னதை இங்கே எழுதுகிறேன். தையல் டேப்பை எடுத்துக் கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தில் சுற்றி அளக்க வேண்டும். ஆசியப் பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்கும் ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் தசை கரைந்திருக்கலாம் என்று மேல் பரிசோதனைக்குப் போக வேண்டும். கால் வீங்கியிருந்தால் இந்த அளவு ஏமாற்றும். உங்கள் அம்மாவுக்கு வீக்கம் இருப்பதால் அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 நொடிக்கு மேல் ஆனாலும் அதே ஐயம்தான். உங்கள் அம்மாவால் கை ஊன்றாமல் எழவே முடியவில்லை என்பதால் அதைச் சோதித்துப் பார்க்கக்கூடத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

முதியவர்களுக்கு எடையில் ஒரு கிலோவுக்கு நாள் ஒன்றுக்கு 1.0 முதல் 1.2 கிராம்வரை புரதம் வேண்டுமாம். 50 கிலோ என்றால் 50 முதல் 60 கிராம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம், நூறு கிராம் மீனில் 20 கிராமை ஒட்டி, நூறு கிராம் தெம்பேயிலும் (புளிக்கவைத்த சோயாக் கட்டி) கிட்டத்தட்ட அவ்வளவே. நம் வீட்டுச் சாம்பாரில் பருப்பைவிடத் தண்ணீர்தான் அதிகம் என்பதால் அதைக் கணக்கில் பெரிதாகச் சேர்க்க முடியாது. நான் காலையில் தோசையோடு ஒரு முட்டை, மதியம் கெம்போங் மீன், மாலையில் கொண்டைக்கடலைச் சுண்டல் அல்லது மிளகாய்த் தூளில் பிரட்டிப் பொரித்த தெம்பே, இரவு தயிர் என்று நான்கு வேளையிலும் பிரித்துக் கொடுக்கிறேன். சோறு அதே கிண்ணம்தான், எடுக்கவில்லை. உங்கள் அம்மாவுக்குச் சிறுநீரக அளவு எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டுதான் புரதத்தைக் கூட்ட வேண்டும்; அங்கே தளர்ச்சி அதிகம் இருந்தால் கணக்கு மாறும்.

பல்லைப் பாருங்கள். யாரும் இதைச் சொல்லமாட்டார்கள். எடை குறைந்தால் ஈறும் சுருங்கிப் பல்செட் ஆடத் தொடங்கும். ஆடும் பல்செட்டோடு மீனும் கடலையும் மெல்ல முடியாமல் தேநீரில் நனைத்த பிஸ்கட்டுக்கும் கஞ்சிக்கும் போய்விடுவார்கள். என் மாமியார் சாப்பாடு பிடிக்கவில்லை என்றே பல மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். அரசாங்கப் பல் கிளினிக்கில் புதிதாகச் செய்துகொடுத்த பிறகு முறுக்கு கேட்கிறார்.

தனியாகச் சாப்பிடுபவர் குறைவாகத்தான் சாப்பிடுவார். சமூகநலத் துறையின் கீழ் 'பாவே' என்று அழைக்கப்படும் முதியோர் நடவடிக்கை மையங்கள் பல இடங்களில் இருக்கின்றன. உடற்பயிற்சி, கைவேலை, சேர்ந்து சாப்பிடுவது என்று பகலில் போய்வரலாம். பெரும்பாலும் மலாயிலும் சீனத்திலும்தான் பேச்சு நடக்கிறது என்று நம் பாட்டிமார் தயங்குவார்கள். அதனால் தெரிந்த ஒருவரோடு சேர்த்து அனுப்புவது நல்லது. மூன்று மாடி இறங்குவதுதான் உங்களுக்குச் சிக்கல். கீழ்த்தளத்தில் வாடகைக்கு வீடு கிடைக்குமா என்று தம்பியிடம் கேட்டுப் பார்க்கலாமே?

ஜெலுத்தோங் மகள்:

அனைவருக்கும் நன்றி. வார இறுதியில் பினாங்குக்கு வந்து அம்மாவோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன். படுத்திருந்தபோது 138/76, நின்ற முதல் நிமிடத்தில் 112/68. நீர் மாத்திரையைக் காலையில் போட்டால் கோயிலில் கழிவறை தேட வேண்டியிருக்கிறது என்று இரவுக்கு மாற்றிக்கொண்டாராம். வெள்ளிக்கிழமை விடியற்காலையில்தான் விழுந்தார் என்று நினைத்திருந்தேன். தம்பி கைப்பேசியைப் பார்த்துச் சொன்னான், அது சனிக்கிழமை. அதாவது விரதம் முடிந்த இரவுக்கு மறுநாள். முதல் நாள் இரவு அவர் சாப்பிட்டது பிரசாதமாக வந்த ஒரு வாழைப்பழமும் பாலும்தான்.

மருந்தாளர் ஐயா, நீங்கள் கேட்டது சரிதான். பூசை அலமாரியின் கீழ்த்தட்டில், திருநீற்றுப் பொட்டலங்களுக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் புட்டி இருந்தது. மூட்டு வலிக்காகப் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒருவர் விற்கிறாராம். மூலிகை மட்டும்தான் என்று சொன்னாராம். எம்ஏஎல் எண் இல்லை, பளபளக்கும் ஹாலோகிராம் ஒட்டுத்தாளும் இல்லை. அதைச் சாப்பிட்டால் மறுநாளே முட்டி வலி பறந்துவிடுகிறது, பசியும் எடுக்கிறது என்கிறார். ஏறக்குறைய ஓராண்டாக, கிடைக்கும்போது சாப்பிட்டிருக்கிறார். ஒரு புட்டி தீர்ந்து அடுத்தது கிடைக்கும்வரை சில வாரம் இடைவெளி விடுமாம். டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "முட்டி வலியைப் பற்றி அவர் கேட்கவே இல்லையே, சர்க்கரையைப் பற்றித்தான் பேசுவார்" என்றார். திங்கட்கிழமை கிளினிக்குக்கு அழைத்துப் போகிறேன். புட்டியைத் தூக்கி எறிந்துவிடலாமா?

மருந்தாளர், பிரிக்ஃபீல்ட்ஸ்:

எறியாதீர்கள் சகோதரி. அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்து மட்டும் சொல்ல முடியாது. ஆனால் பதிவில்லாத மூட்டு வலி மருந்துகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சின் மருந்து ஒழுங்குமுறைப் பிரிவு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மறுநாளே வலி பறப்பதும் பசி கூடுவதும் அந்த ஐயத்தை வலுப்படுத்துகின்றன. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், நீரைத் தேக்கிக் காலை வீங்கவைக்கும், தசையையும் எலும்பையும் கரைக்கும். உங்கள் அம்மாவின் கதையை இப்படிப் படித்துப் பாருங்கள்: புட்டி இருந்த வாரங்களில் 12, 13, அதையும் சேர்த்து அளந்த 8.4ஐப் பார்த்துக் கிளிக்லசைட்டைக் கூட்டினார்கள். புட்டி தீர்ந்த வாரங்களில் கூட்டிய கிளிக்லசைட் மட்டும் மிஞ்சியது. இது ஊகம்தான், மருத்துவர்தான் உறுதிசெய்ய வேண்டும். ஆனாலும் ஏற்ற இறக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஒன்றை முக்கியமாகச் சொல்ல வேண்டும். நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்த உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டுச் சுரப்பைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் கடும் சோர்வும் வாந்தியும் வரலாம், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஒருசேரத் தாழ்ந்துபோகலாம். எனவே நிறுத்துவதா, படிப்படியாகக் குறைப்பதா, அதற்கு ஈடாக வேறு மருந்து தருவதா என்பதை மருத்துவர் சொல்லட்டும். அவர் கடைசியாக எப்போது அதைச் சாப்பிட்டார் என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமைக்குள் வாந்தியோ மயக்கமோ அளவுக்கு மீறிய அசதியோ வந்தால் கிளினிக் திறக்கும்வரை காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். புட்டியும் கையோடு இருக்கட்டும். நின்றவுடன் மேல் அளவு 26 இறங்கியிருப்பதையும் நீர் மாத்திரையின் நேரத்தையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.

அம்மாவைக் கடிந்துகொள்ள வேண்டாம். முட்டி வலிக்கு மருத்துவர் ஒரு வழி சொல்லவில்லை என்றால் வேறொரு பாசார் மாலாமில் வேறொரு புட்டியை வாங்கத்தான் செய்வார். ஆகவே திங்கட்கிழமை சர்க்கரையைப் பற்றிப் பேசும் முன்பாக முட்டியைக் காட்டுங்கள்; பாராசிட்டமோல், வலியிருக்கும் இடத்தில் தடவும் மருந்து, தொடைத் தசைக்கான பிசியோ பயிற்சி எனச் சிறுநீரகத்தைக் கெடுக்காத வழிகள் இருக்கின்றன. புட்டி வந்த அட்டைப் பெட்டி கிடைத்தால் அதையும் எடுத்துவையுங்கள்; விற்றவரின் தொலைபேசி எண் அதில் இருந்தால், மருந்தக அமலாக்கப் பிரிவில் புகார் கொடுப்பதற்கு உதவும்.